மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையில் 'அரும்பு' நூல் ஏன்? எண்ணும் எழுத்தும் வகுப்பறைக்குள் நடப்பது

அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் பையில் 'அரும்பு' என்று அச்சிட்ட பயிற்சி நூல் இருக்கிறது. அதே வகுப்பில், அதே பாயில் உட்காரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் 'மலர்' நூல். "நம்ம புள்ளைய ஒண்ணாங்கிளாசுக்கு இறக்கிட்டாங்களா?" என்று வீட்டில் கேள்வி எழுகிறது. பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது: "நாள் பூரா பாட்டு, பொம்மை, குச்சி விளையாட்டுன்னு போகுதே, பாடம் எப்போ நடத்துறாங்க?"

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை உட்காரும் வகுப்பு வேறு, அதன் கற்றல் நிலை வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடுதான் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். பாட்டும் குச்சியும் அந்த நிலையை நகர்த்துவதற்கான கருவிகள். கருவி வேலை செய்யும் விதமும் செய்யாமல் போகும் விதமும் கீழே.

## திட்டம் எங்கிருந்து வந்தது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்க்கப்பட்ட குழந்தை முதன்முதலாக வகுப்பறைக்குள் காலடி வைத்தபோது அது இரண்டாம் வகுப்பு மாணவராக இருந்தது. 'அ' எழுதப் பழகாத கையில் இரண்டாம் வகுப்புப் பாடநூல்.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025-க்குள் 8 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் கற்றிருக்க வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. முதலில் 1 முதல் 3 வரை. 2023-24 கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன.

கொரோனாக் காலப் பிள்ளைகள் அந்த வகுப்புகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்படியானால் நிலைகள் இன்னும் எதற்கு? கொரோனா அந்த இடைவெளியைப் பெரிதாக்கியதே தவிர, உருவாக்கவில்லை. ஒரே வகுப்பறையில் சரளமாகப் படிப்பவரும் எழுத்துக்கூட்டத் திணறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வது எந்த ஆண்டிலும் உள்ளதுதான்.

செயல்வழிப் படிப்பும் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான, பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாகக் கற்கும் முறையைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில், 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்நிலைக் கரும்பலகை, வேலைப்பாடுகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல் எல்லாம் அப்போது வந்தவை. அந்த முறையில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனிப் படியில் நிற்கும். முப்பது பிள்ளை என்றால் முப்பது படி. ஒற்றை ஆசிரியர் அத்தனை பேரையும் கண்காணிக்க முடியாமல் தடுமாறியதே அதன் பெரிய பலவீனம். எண்ணும் எழுத்தும் அந்த முப்பதை மூன்றாகச் சுருக்கிக்கொண்டது.

## மூன்று நிலைகள்

அரும்பு: ஒன்றாம் வகுப்புக்குரிய திறன்கள். எழுத்தை ஒலியோடு சேர்த்து அறிதல், சிறு சொற்களைப் படித்தல், பொருள்களை எண்ணி எண்ணுருவோடு பொருத்துதல்.

மொட்டு: இரண்டாம் வகுப்புக்குரியவை. உயிர்மெய் வரிசைகள், சிறு தொடர்கள், பத்தும் ஒன்றும் பிரித்தல், கூட்டல் கழித்தல்.

மலர்: மூன்றாம் வகுப்புக்குரியவை. பத்தியைப் பொருள் உணர்ந்து படித்தல், சொந்தமாக நாலு வரி எழுதுதல், மூன்றிலக்க எண்கள், பெருக்கலின் தொடக்கம்.

ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் அரும்பு. இரண்டில் அரும்பும் மொட்டும் இருக்கலாம். மூன்றில் மூன்று நிலையும் இருக்கும். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டாக இருப்பது சாதாரணம். அதனால் "உங்க புள்ள எந்த நிலை?" என்ற கேள்வியே அரைகுறை, "எந்தப் பாடத்துல?" என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பதில் உண்டு.

அரும்பு நூல் வைத்திருப்பது தண்டனையல்ல. மூன்றாம் வகுப்பு வருகைப்பதிவேட்டில்தான் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. விட்டுப்போன படியில் ஏற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படியிலேயே ஒரு வருடம் உட்காரவைத்தால் அது வேறு கதை. அதைப் பின்னால் பார்ப்போம்.

## ஒன்றரை மணி நேரம் எப்படிப் போகிறது

கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஆகவே ஊர்ப்புறத்தில் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். அங்கே 1, 2, 3 மூன்று வகுப்பும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். அப்படி 24 பிள்ளைகள் உள்ள அறையில் 90 நிமிடத் தமிழ் வகுப்பு நன்றாக நடந்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. முதல் 15 நிமிடம், எல்லாரும் சேர்ந்து. பாடல் களம் அல்லது கதைக்களம் (களம் என்பது வகுப்பறையில் அதற்கென ஒதுக்கிய இடம்). 'கொக்கு' வரும் பாட்டு என்றால், அன்றைக்குக் கற்கப்போகும் எழுத்து அந்தப் பாட்டிலேயே நாலைந்து தடவை வர வேண்டும். வராத பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அன்றைக்கு உதவாது.
2. அடுத்த 20 நிமிடம், எல்லாருக்கும் ஒரே செயல்பாடு, வெவ்வேறு கேள்வி. கதைப்படத்தைக் காட்டி அரும்புப் பிள்ளையிடம் "இது என்ன?", மொட்டிடம் "என்ன செய்யுது?", மலரிடம் "ஏன் அப்படிச் செஞ்சிருக்கும்?"
3. அதன்பின் 45 நிமிடம், நிலைவாரியாக. ஆசிரியர் அரும்புக் குழுவோடு தரையில் உட்கார்கிறார். மொட்டுக் குழு சொல்லட்டைகளை இருவர் இருவராகப் படிக்கிறது. மலர்க் குழு பயிற்சி நூலில் எழுதுகிறது. 20 நிமிடம் கழித்து ஆசிரியர் இடம் மாறுகிறார்.
4. கடைசி 10 நிமிடம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் செய்ததைக் காட்டுகிறார். யாரிடம் எது நிற்கவில்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார்.

மூன்றாவது பகுதிதான் உயிர்நாடி. முதலில் உடைவதும் அதுதான். ஆசிரியர் அரும்போடு இருக்கும்போது மற்ற இரு குழுவுக்கும் தாங்களே செய்து முடிக்கக்கூடிய வேலை கையில் இருக்க வேண்டும். அது முன்பே செய்து பழகிய வகை வேலையாக இருப்பது நல்லது. புதுப் பயிற்சியைக் கொடுத்தால் மூன்றாவது நிமிடம் "டீச்சர், இது என்னது?" என்று ஒருவர் எழுந்து வருவார், அவருக்குப் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள். அரும்புக் குழுவின் 20 நிமிடம் அதோடு போயிற்று.

## எழுத்து: 247 என்று பயமுறுத்த வேண்டாம்

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216, கூட்டினால் 247. இந்தக் கணக்கு பெரியவர்களுக்குப் பெருமை, ஆறு வயதுக் குழந்தைக்குச் சுமை. உண்மையில் புதிதாகக் கற்கவேண்டிய வடிவங்கள் மிகக் குறைவு. அடிப்படை எழுத்து 31. கால் (கா), மேல்விலங்கு (கி), மேல்விலங்குச் சுழி (கீ), ஒற்றைக்கொம்பு (கெ), இரட்டைக்கொம்பு (கே), சங்கிலிக்கொம்பு (கை), ஔகாரத்தின் 'ள', மெய்யின் புள்ளி என்று குறிகள் 8. கட்டுக்கு அடங்காத உகர, ஊகார வரிசைகள் 36. ஆக மொத்தம் 75.

அந்த உகர வரிசையும் ஒரேயடியாகக் குழப்பம் இல்லை, மூன்று குடும்பம். சு, பு, யு, வு போலக் கீழே கோடு இறங்குபவை ஒன்று. கு, டு, மு, ரு, ழு, ளு போல வளைந்து சுற்றுபவை ஒன்று. து, நு, ணு, லு, று, னு போல வலப்பக்கம் கால் வளைபவை ஒன்று. குடும்பம் குடும்பமாக அட்டைகளைப் பிரித்து அடுக்கச் சொன்னால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். கு, ஙு, சு, ஞு என்று அகர வரிசைப்படி மனப்பாடம் செய்வித்தால் வாய் ஒப்பிக்கும், கண்ணுக்கு எந்த ஒழுங்கும் தெரியாது.

### 'கொக்கு' ஏன் 'கெரக்கு' ஆகிறது

அரும்பு கடந்து மொட்டில் நுழையும் பிள்ளை 'கொக்கு' என்ற சொல்லைப் பார்த்து 'கெரக்கு' என்று படிப்பது உண்டு. கவனக்குறைவு என்று அதட்டுவார்கள். பிள்ளையோ கண்ணில் பட்டதை வரிசை தவறாமல் படித்திருக்கிறது. கொம்பும் ககரமும் சேர்ந்து 'கெ'. அடுத்து நிற்கும் கால், பார்க்க 'ர' மாதிரியே இருக்கிறது. ஆக 'கெர'. ஒலியில் ஒன்றாக இருக்கும் ஒகரம், எழுத்தில் மெய்யின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை.

காட்டுவதற்கு மூன்று பெரிய அட்டைகள் போதும். கொம்பு ஒன்றில், 'க' ஒன்றில், கால் ஒன்றில்.

1. 'க' அட்டை பிடித்த பிள்ளை நடுவில் நிற்கிறது. எல்லாரும் "க".
2. கால் அட்டை வலப்பக்கம் வந்து ஒட்டுகிறது. "கா".
3. கால் விலகி, கொம்பு இடப்பக்கம் வருகிறது. "கெ".
4. கொம்பு அங்கேயே நிற்க, கால் திரும்ப வருகிறது. "கொ".
5. இப்போது நடுவில் நிற்பவர் மட்டும் மாறுகிறார்: ப, ம, த. "பொ, மொ, தொ".

நான்காவது படியில் ஒரு கணம் நிறுத்தி, "கால் போனா என்ன? கொம்பு போனா என்ன?" என்று மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். அப்போதுதான் இரண்டு குறியும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபடும்.

இந்தச் செயல்பாடு வீணாகும் வழி ஒன்று உண்டு. முன்னால் மூன்று பேர் ஆட, மற்ற இருபத்தொரு பேர் வேடிக்கை பார்ப்பது. மூன்று சுற்று முடிந்ததும் இருவருக்கு ஒரு செட்டு சிறிய அட்டை கொடுத்துத் தரையில் செய்ய வைக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டினால் செலவே இல்லை.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. கல், அகல், தங்கம். மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று விதம். 'க' என்றால் 'கல்'லில் வரும் ஒலி மட்டுமே என்று அழுத்திப் பழக்கிய பிள்ளை 'அகல்' என்பதை 'அக்கல்' என்று படிக்கும். அதனால் எழுத்தைத் தனியே காட்டி நிறுத்தாமல், சொல்லின் முதலிலும் நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் வரும் மூன்று சொற்களோடு சேர்த்துத்தான் அறிமுகம் செய்ய வேண்டும். ச, ட, த, ப வரிசையிலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு.

## எண்: ஈர்க்குச்சி செய்கிற வேலை

நாலு பேர் கொண்ட குழுவுக்கு 100 ஈர்க்குச்சிகள், விரல் நீளத்துக்கு வெட்டியவை. ரப்பர் பேண்டு 10. பகடை ஒன்று. தரையில் சாக்பீசால் இரண்டு கட்டம்: இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள். ஆளுக்கொரு சிலேட்டு.

பகடையில் விழுந்த எண்ணிக்கைக்குக் குச்சி எடுத்து ஒன்றுகள் கட்டத்தில் வைக்க வேண்டும். பத்து சேர்ந்தால் கட்டி இடப்பக்கம் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதைச் சிலேட்டில் எழுத வேண்டும். விதி இவ்வளவுதான். தவறுகிற இடங்கள் இரண்டு.

ஒன்று, நேரம் மிச்சம் என்று ஆசிரியரே பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்துவிடுவது. பிள்ளைக்கு அந்தக் கட்டு 'ஒரு பொருள்'. உள்ளே பத்து இருப்பது வாய்ப்பாடாகத் தெரியுமே தவிர, கைக்குத் தெரியாது. கட்டுவதும் அவிழ்ப்பதும் பிள்ளையின் கையில்தான் நடக்க வேண்டும்.

மற்றொன்று, ஆட்டம் முழுக்க முடிந்தபின் எழுதச் சொல்வது. குச்சி ஒரு பாடமாகவும் எண் ஒரு பாடமாகவும் பிரிந்துபோகும்.

அவிழ்ப்பதன் அருமை கழித்தலில் தெரியும். 42-இல் 17 போனால் 35 என்று விடை எழுதும் பிள்ளைகள் ஏராளம். இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து 5. நாலில் ஒன்று போய் 3. எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று தானே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுப்பதும் இந்த இடத்தில் பெரிதாக உதவாது. வாங்கிய கடன் ஏன் பத்தாகிறது என்று அதில் இல்லை. நாலு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு உதிரி கொடு என்றால் கை தானாக ஒரு கட்டை அவிழ்க்கும். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து; ஒரு கட்டுப் போக இரண்டு. 25.

எண்ணுப் பெயர்களிலும் ஒரு வலை இருக்கிறது. தமிழில் 20 முதல் 89 வரை பெயர் சொல்லும் ஒழுங்கும் எழுதும் ஒழுங்கும் ஒன்று: முப்பத்து ஐந்து, 35. 90-இல் சறுக்கல். 'தொண்ணூறு' என்பதில் நூறு கேட்கிறது, இருப்பதோ பத்துகள். 'தொள்ளாயிரம்' என்பதில் ஆயிரம் கேட்கிறது, இருப்பதோ நூறுகள். காதில் விழுவதை அப்படியே எழுதும் வயதில் இது குழப்பும். 'நூற்றைந்து' என்றதும் 1005 என்று எழுதுவதும் இதே பழக்கம்தான்: 100, பக்கத்தில் 5.

இதற்கு இடமதிப்பு அட்டைகள். 100 என்பது மூன்று கட்ட அகலம், 10 இரண்டு கட்டம், 5 ஒரு கட்டம். 100 அட்டையின் வலது ஓரத்தில் 5 அட்டையை மேலே வைத்தால் கடைசிப் பூச்சியம் மறைந்து 105. அட்டையைத் தூக்கினால் பூச்சியம் அங்கேயே இருக்கும். கட்டங்களின் அகலம் துல்லியமாக இருக்க வேண்டும். கண்ணளவில் வெட்டினால் இலக்கங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காராது, வந்த தெளிவும் போய்விடும்.

## எங்கே கோணலாகிறது

மேலே சொன்ன தவறுகள் கைவினைத் தவறுகள், திருத்துவது எளிது. ஏற்பாட்டிலேயே உள்ள கோளாறுகள் வேறு.

நிலை ஒட்டிக்கொள்வது. ஆண்டுத் தொடக்கத்தில் அடிப்படை மதிப்பீட்டில் ஒரு பிள்ளை 'அரும்பு' என்று குறிக்கப்படுகிறது. அடுத்த ஆறு வாரத்தில் அது முன்னேறலாம். ஆனால் அதே குழு, அதே மூலை, அதே நூல். இடையிடையே நடத்தும் வளரறி மதிப்பீடு இருப்பதே பிள்ளையை நகர்த்துவதற்காக. முடிவைப் பதிவேற்றிவிட்டுக் குழுவை மாற்றாமல் விட்டால் அந்தச் சோதனை நடந்தும் நடக்காததும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கும் இது சீக்கிரம் தெரிந்துவிடும். இரண்டே மாதத்தில் "நான் அரும்பு டீச்சர்" என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

பதிவேற்றம். மதிப்பீடு கைப்பேசிச் செயலி வழியாக நடக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை, பாடத்துக்குப் பாடம் பதிய வேண்டும். இணையம் தடுமாறும் ஊர்களில் இது கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர்களின் நியாயமான மனக்குறை. அவசரத்தில் பதிவாகும் நிலை, பிள்ளையின் உண்மையான நிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அலங்காரக் களங்கள். கதைக்களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம், படித்தல் களம் என்று சுவரெங்கும் வண்ணம். படித்தல் களத்தில் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கம்பியில் தொங்கினால், அது அதிகாரி வருகைக்கான ஏற்பாடு. ஓரம் கிழிந்த புத்தகம் தொங்கும் களத்தைப் பார்த்தால் சந்தோஷப்படலாம்.

முகமூடியில் கரையும் நேரம். கொக்கு முகமூடி வெட்ட, வண்ணம் தீட்ட, நூல் கட்ட 40 நிமிடம். 'கொ' படித்தது 3 நிமிடம். கைவேலைக்கு அதற்குரிய இடம் உண்டு. எழுத்துக்குரிய நேரத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு செயல்பாட்டை எடைபோட எளிய கேள்வி: பிள்ளையின் கண் அந்த எழுத்தை எத்தனை தடவை பார்த்தது, வாய் எத்தனை தடவை சொன்னது?

## பெற்றோர் பார்க்கக்கூடியவை

பயிற்சி நூலின் பெயரை வைத்து முடிவுக்கு வராமல், மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் இவற்றைப் பார்க்கலாம்:

1. பழகாத சொற்கள் ஐந்து: கொடி, மேகம், பூனை, வௌவால், தொட்டி. பாடநூலில் இருந்து எடுக்க வேண்டாம். அங்கே பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும்.
2. கடைப் பலகை, பேருந்தின் ஊர்ப்பெயர், பிஸ்கட் உறை. படித்தபின் "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டி முடித்தும் பொருள் தெரியவில்லை என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே அதன் கவனம் முழுக்கச் செலவாகிறது.
3. வாயால் சொல்லி எழுதவைக்க: 35, 53, 90, 99, 105. எது தவறுகிறதோ அதைத் திருத்தாமல் தாளோடு ஆசிரியரிடம் காட்டுங்கள். தவறின் வடிவம் அவருக்குப் பயன்படும்.
4. பத்து ரூபாய் நாலும் ஒரு ரூபாய் இரண்டும் கொடுத்து, பதினேழு ரூபாய்க்குப் பொருள் வாங்கும் விளையாட்டு. பத்து ரூபாயைச் சில்லறையாக மாற்றக் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஆசிரியரைச் சந்திக்கும்போது "என் புள்ள எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறா" என்றுதான் பதில் வரும். "போன மதிப்பீட்டுக்கும் இதுக்கும் நடுவுல எந்தப் பாடத்துல நிலை மாறியிருக்கு? மாறலைன்னா எந்த எழுத்துல, எந்தக் கணக்குல நிக்கிறா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் குறிப்பேட்டைத் திறந்து காட்டுவார்கள்.